ஃப்ரெஷ்ஷா, ஃப்ரோசனா? இரண்டிலும் படுத்து எழுந்தவளின் கணக்கு

ஐ.வி.எஃப் சிகிச்சையில் கருமுட்டை எடுப்பதற்கு முன்னால் கையெழுத்துக் கேட்கும் தாள்களில் ஒன்று இதைப் பற்றியது. உருவாகும் கருவை இதே மாதம் கர்ப்பப்பையில் வைப்பதா, இல்லை எல்லாவற்றையும் உறையவைத்துவிட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து வைப்பதா? முதலாவதை ‘ஃப்ரெஷ்’ என்பார்கள், இரண்டாவதை ‘ஃப்ரோசன்’. ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் இதைப் பேசிக்கொள்வதைக் கேட்டால் உழவர் சந்தையில் நிற்பது போலத்தான் இருக்கும். ஃப்ரெஷ் என்றால் நல்லது என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. 29 வயதில் நானும் அப்படித்தான் கட்டினேன்.

அந்த முதல் முறை ஃப்ரெஷ். இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவமனையில் ஃப்ரோசன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை. எனக்கு வாய்த்த உடம்புக்கு ஃப்ரோசன்தான் சரி. எனக்கு பி.சி.ஓ.டி, அதாவது சினைப்பையில் குட்டிக் குட்டி முட்டைப் பைகள் நிறையத் தேங்கும் ஹார்மோன் கோளாறு; பி.சி.ஓ.எஸ் என்றும் சொல்வார்கள். ஏ.எம்.ஹெச் அளவு 9-ஐத் தாண்டியது. சினைப்பையில் முட்டை எவ்வளவு கையிருப்பு என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. உங்களுக்கு 1 என்று வந்திருந்தால் கீழே எழுதுவதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அதையும் சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன், கடைசியில் முட்டையைப் பழுக்க வைக்கும் ட்ரிக்கர் ஊசி, 36 மணி நேரம் கழித்து மயக்கத்தில் முட்டை எடுப்பு. ஆய்வகத்தில் நடப்பதும் ஒன்றேதான். ஃப்ரெஷ் என்றால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கருவை வைத்துவிடுவார்கள், ஒரே மாதத்தில் வேலை முடியும். ஃப்ரோசனில் உறையவைக்கத் தனிக் கட்டணம், வைத்திருக்க வருடச் சந்தா, பிறகு கர்ப்பப்பைச் சுவரை வளர்க்க மாத்திரை, மறுபடி ஸ்கேன் என்று இழுக்கும். எங்களுக்குக் கூடுதலாக எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. பணமும் பொறுமையும் ஃப்ரெஷ் பக்கம்தான் ஓட்டுப் போடும்.

உறையவைத்தால் கரு கெட்டுவிடாதா? “ஐஸ்ல வெச்ச புள்ளைக்குச் சளி புடிக்காதாடி?” என்று என் அத்தை நிஜமாகவே கேட்டார். பழைய முறையில் மெதுவாகக் குளிர்விக்கும்போது செல்லுக்குள் பனித்துகள் உருவாகி அதைக் கிழித்துவிடும் ஆபத்து இருந்தது. இப்போதைய விட்ரிஃபிகேஷனில் கண்ணாடி போல நொடியில் உறைந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் போய்விடுகிறது. நல்ல ஆய்வகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைத்து எழும். இதைவிட அத்தைக்குப் பிடித்துப்போனது கல்கத்தா கதை. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து சரியாகப் பத்தே வாரத்தில், 1978 அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் துர்கா என்ற குழந்தை பிறந்தது. டாக்டர் சுபாஷ் முகர்ஜி அந்தக் கருவை 53 நாள் உறையவைத்திருந்து, பிறகு வேறொரு மாதவிடாய்ச் சுழற்சியில் தாயின் கர்ப்பப்பைக்குள் வைத்தவர். அன்றைக்கு யாரும் நம்பவில்லை. அரசு வைத்த விசாரணைக் குழு அவரைப் பொய்யர் என்ற அளவுக்குத் தள்ளியது. 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆக, நம் நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையே ஃப்ரோசன்தான். “அப்ப சரி” என்றார் அத்தை.

இப்போது நான் ஏன் கட்சி மாறினேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு விஷயத்தை முடிவு செய்தது சினைப்பை.

முதல் முறை 27 முட்டைகள் வந்தன. மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் கைகொடுத்தார். என் வீட்டுக்காரர் ஸ்வீட் வாங்கப் போனார். முந்தைய ஸ்கேனிலேயே இரண்டு சினைப்பையும் சாத்துக்குடி அளவுக்கு வந்திருந்தன. “இவ்வளவு இருந்தால் பிரச்சினை வராதா?” என்று நான் கேட்டதற்கு, “நிறைய வந்தா நல்லதுதானேம்மா” என்பதுதான் பதில். மூன்றாம் நாள் இரண்டு கருவை வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் பாவாடை நாடா எட்டவில்லை. மூன்று நாளில் நாலு கிலோ ஏறினேன். சாப்பிட்டால் வாந்தி, படுத்தால் மூச்சு முட்டுகிறது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக. ஐந்து நாள் அட்மிஷன். வயிற்றிலிருந்து ஊசி போட்டு நீரை இறக்கினார்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஓர் ஊசி. முட்டை வெள்ளைக்கருவும் இளநீரும் இன்றைக்கும் எனக்கு ஆஸ்பத்திரி வாசனைதான். கர்ப்பம் நின்றதா என்று பார்க்கும் பீட்டா டெஸ்ட் லேசாக பாசிட்டிவ் வந்து, நான்கு நாளில் இறங்கிவிட்டது.

இதன் பெயர் ஓ.ஹெச்.எஸ்.எஸ், அதாவது சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுவது. ட்ரிக்கர் ஊசியாகப் பல இடங்களில் ஹெச்.சி.ஜி என்ற ஹார்மோனைப் போடுகிறார்கள். சினைப்பைக்குள் முட்டை வெளியேறிய ஒவ்வொரு குட்டிப் பையும் அந்த ஊசியின் தூண்டுதலில் வி.ஈ.ஜி.எஃப் என்ற பொருளைச் சுரக்கிறது. அது ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும். இயற்கையில் மாதம் ஒரு பைதான், அதனால் ஒன்றும் தெரியாது. எனக்கு இருபத்தேழு. நீர் ரத்தத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்க, ரத்தம் கெட்டிப்படுகிறது. உயிருக்கு ஆபத்தாவது அங்கேதான்.

ஹெச்.சி.ஜி ஒரு வாரத்துக்கு மேல் உடம்பில் நின்று வேலை செய்யும். அது அடங்குகிற நேரத்தில் வைத்த கரு ஒட்டிவிட்டது என்றால், அந்தக் கருவே ஹெச்.சி.ஜி சுரக்க ஆரம்பிக்கும். அணையப் போன அடுப்பில் மறுபடி விறகு வைத்த மாதிரி. எதற்காக இத்தனை பாடுபட்டோமோ அந்தக் கர்ப்பமே வீக்கத்தை வாரக்கணக்கில் நீட்டும். எனக்குக் கரு நிற்காமல் போனதால் ஐந்து நாளில் தப்பினேன் என்று இரண்டாவது டாக்டர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஃப்ரோசனில் அந்த விறகே கிடையாது. கரு பெட்டிக்குள் இருக்கிறது, கர்ப்பப்பை காலி, சினைப்பை இரண்டு வாரத்தில் சுருங்கி மாதவிடாய் வந்துவிடும். இரண்டாவது லாபமும் உண்டு. ஹெச்.சி.ஜிக்குப் பதிலாக அகோனிஸ்ட் ட்ரிக்கர் போடலாம். மூளைக்கு அடியிலிருக்கும் நம் பிட்யூட்டரி சுரப்பியையே கிள்ளிவிட்டு, முட்டையைப் பழுக்க வைக்கும் அதன் சொந்த எல்.ஹெச் ஹார்மோனை வரவழைக்கும் ஊசி அது. ஒன்றரை நாளில் அடங்கிவிடும், வீக்கம் அநேகமாக வராது. ஆனால் அவ்வளவு சீக்கிரம் அடங்குவதால் முட்டை போன பைகளும் வாடிவிடும், கருவைத் தாங்கவேண்டிய புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் சரிந்துவிடும். அதனால்தான் அந்த ஊசிக்கும் ஃப்ரெஷ்ஷுக்கும் பொதுவாக ஆகாது. ஊசி மாறினால் உறையவைப்பதும் கூடவே வந்துவிடும். இதை மட்டும் முதல் முறை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் படிவத்தில் கட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் “என்ன ட்ரிக்கர் போடப்போறீங்க?” என்றுதான் கேட்டிருப்பேன். ஒரு எச்சரிக்கை: முட்டை முன்கூட்டி வெளியேறாமலிருக்க அகோனிஸ்ட் ஊசியாலேயே பிட்யூட்டரியை அடக்கிவைக்கும் முறையில் போய்க்கொண்டிருந்தால் அகோனிஸ்ட் ட்ரிக்கர் வேலை செய்யாது; ஆன்டகோனிஸ்ட் ஊசி போடும் முறையில் செய்யும். ஆகவே கேள்வியை முதல் ஊசிக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

என் கதையை மட்டும் வைத்துப் பேசவில்லை. 2016-இல் சீனாவில் பி.சி.ஓ.எஸ் உள்ள 1,508 பெண்களைச் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து ஒப்பிட்டார்கள். இந்த ஓ.ஹெச்.எஸ்.எஸ் வீக்கம் ஃப்ரெஷ்ஷில் 7.1 சதவீதம், ஃப்ரோசனில் 1.3. குழந்தை உயிரோடு பிறந்தது ஃப்ரெஷ்ஷில் 42.0 சதவீதம், ஃப்ரோசனில் 49.3. இதைப் படித்துவிட்டு ஊரெல்லாம் ஃப்ரோசனுக்குத் தாவியது. ஆனால் 2018-இல் பி.சி.ஓ.எஸ் இல்லாத பெண்களை வைத்து சீனாவிலும் வியட்நாமிலும் செய்த இரண்டு ஆய்வுகளில் குழந்தை பிறக்கும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வியட்நாமில் ஃப்ரோசன் 33.8, ஃப்ரெஷ் 31.5. முட்டை குறைவாக வரும் பெண்களிடம் நிலைமை தலைகீழ். 2025-இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் அப்படிப்பட்டவர்களுக்கு ஃப்ரெஷ் 40 சதவீதம், ஃப்ரோசன் 32. நாலைந்து முட்டைதான் வருகிறது என்றால் வீக்கப் பயமும் கிடையாது, உறையவைத்து எழுப்புவதில் ஒரு கருவை இழந்தாலும் பெரிய இழப்பு. என் சித்தி மகளுக்கு 38 வயது, ஏ.எம்.ஹெச் 0.8. அவளிடம் ஃப்ரெஷ்ஷே போடச் சொன்னேன். சில இடங்களில் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஃப்ரீஸ் ஆல்’ என்கிறார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டால் தப்பில்லை.

என் கட்சியின் குறையையும் சொல்லவேண்டும். அதே 2016 ஆய்வில் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலான ப்ரீ-எக்லாம்ப்சியா ஃப்ரோசனில் 4.4 சதவீதம், ஃப்ரெஷ்ஷில் 1.4. மூன்று மடங்கு. எஸ்ட்ராடையால் என்ற ஹார்மோன் மாத்திரையால் மட்டும் கர்ப்பப்பைச் சுவரை வளர்க்கும்போது சினைப்பை தூங்கிவிடுகிறது. முட்டை வெளியேறிய பிறகு உருவாகும் கார்பஸ் லூட்டியம் இல்லாமல் போகிறது. ரத்தக் குழாய்களைக் கர்ப்பத்துக்குத் தயார்ப்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு என்றும், குறை அங்கேதான் என்றும் சந்தேகிக்கிறார்கள். எனக்கும் 34-ஆவது வாரத்தில் பி.பி 140/90 ஆனது, 37-இல் சிசேரியன். அது மாத்திரையாலா, என் எடையாலா, எங்கள் வீட்டு ரத்தமா? ஓர் உடம்பை வைத்துச் சொல்லமுடியாது. லெட்ரோசோல் என்ற மாத்திரை கொடுத்து ஒரு முட்டையை இயல்பாக வெளியேற விட்டு, அந்தச் சுழற்சியில் உறைந்த கருவை வைக்கும் வழி இருக்கிறது. அதில் கார்பஸ் லூட்டியம் கிடைக்கும். நான் செய்து பார்க்கவில்லை, ஆகவே சிபாரிசு செய்யும் தகுதி எனக்கில்லை. அடுத்த முறை என்று ஒன்று வந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.

ஃப்ரோசன் ஒன்றும் மந்திரமில்லை என்பதற்கும் நானே சாட்சி. இரண்டாவது முறை அகோனிஸ்ட் ட்ரிக்கர், 22 முட்டை, ஆறு பிளாஸ்டோசிஸ்ட், அதாவது ஐந்தாறு நாள் வளர்ந்த கரு. எடுத்த மறுநாள் வயிறு லேசாக உப்பியது, மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து வைத்த முதல் கரு ஒட்டவில்லை. அடுத்து வைத்ததுதான் இப்போது சுவரெல்லாம் கிறுக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் முதல் கரு தோற்றபோது மறுபடி ஊசி, மறுபடி மயக்கம் எதுவும் இல்லை. பெட்டியில் இன்னும் ஐந்து இருந்தது. அந்த நிம்மதியை எந்தச் சதவீதத்தில் போடுவது என்று எனக்குத் தெரியாது.

இப்போது நான்கு மிச்சம். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அழியவிடவேண்டும், அல்லது நாங்கள் சம்மதித்தால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். மார்ச் மாதம் சந்தா புதுப்பிக்கச் சொல்லி எஸ்.எம்.எஸ் வந்திருக்கிறது. இவர் கட்டிவிடலாம் என்கிறார். அத்தை, அந்த நாலும் பொம்பளையா ஆம்பளையா என்று கேட்கிறார். அதைப் பார்ப்பதே குற்றம் என்று சொல்லியிருக்கிறேன்.