ஸ்ட்ரெஸ் எக்கோவா, தாலியம் ஸ்கேனா?

இதயக் குழாயில் அடைப்பு உண்டா என்று டிரெட்மில்லில் ஓடவைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் டி.எம்.டி. சோதனையின் முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தால், அடுத்து டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான். ஸ்ட்ரெஸ் எக்கோ, உழைக்கும் இதயத்தின் அசைவை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது; தாலியம் ஸ்கேன், கதிரியக்க மருந்தை ஏற்றி இதயத் தசைக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பது. எக்கோவில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. வால்வையும் சேர்த்தே பார்த்துவிடலாம். படம் தெளிவாகக் கிடைக்கும் உடம்பாக இருந்தால் என் ஓட்டு எக்கோவுக்குத்தான்.

ஆனால் எக்கோவின் தரம் முழுக்கக் கடிகாரத்தின் கையில் இருக்கிறது. ரத்தம் போதாத இதயச் சுவர் உழைப்பின் உச்சத்தில் சுருங்கத் திணறும்; எக்கோ பார்ப்பது அந்தத் திணறலைத்தான். டிரெட்மில் நின்றதும் துடிப்பு மளமளவென்று இறங்கும், சுவரும் பழைய அசைவுக்குத் திரும்பிவிடும். அதனால் நின்ற 60 முதல் 90 நொடிக்குள் எல்லாக் கோணங்களும் பதிவாகிவிட வேண்டும். மெதுவாக நடந்து ஆற்றிக்கொள்ள இடமில்லை; நேராகக் கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கட்டில் டிரெட்மில்லை ஒட்டியே கிடக்க வேண்டும். மூச்சு இளைக்கும்போது நுரையீரல் குறுக்கே வந்து மறைக்கும் என்பதால், மூச்சை விட்டு ஒரு கணம் நிறுத்தச் சொல்லிப் படம் பிடிப்பார்கள். இலக்குத் துடிப்பு, 220-இல் வயதைக் கழித்து வருவதில் 85 சதவீதம். 60 வயதுக்காரருக்கு 136. அதை எட்டாமல் நின்றுவிட்டால் 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டை நம்பிவிடக் கூடாது. டாக்டர் சொல்லியும் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்தாமல் வந்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஓடாமலே துடிப்பை ஏற்றும் டோபுட்டமின் மருந்து உண்டு. கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டி 40 வரை போவார்கள். இதில் படுத்தபடியே உச்சத்தில் படம் எடுக்கலாம் என்பதால் அந்த அவசரம் இல்லை.

தாலியம் ஸ்கேன் என்று பெயர்தான். இன்று பெரும்பாலும் ஏற்றுவது டெக்னீஷியம் மருந்து. உச்சத்தில் ஊசி போட்டு இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டால், மருந்து தசையில் பதிந்து அங்கேயே நிற்கும். கால் மணி நேரம் கழித்துக்கூட ஆற அமரப் படம் எடுக்கலாம். எக்கோவிடம் இல்லாத பெரிய வசதி இது. குறை என்னவென்றால், ஸ்கேன் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். இதயத்தின் மூன்று முக்கிய ரத்தக் குழாய்களிலும் சரிசமமாக ரத்தம் குறைந்திருந்தால் படம் சீராகத் தெரிந்து ஏமாற்றிவிடலாம். மார்பகமும் உதரவிதானமும் விழுத்தும் நிழல் அடைப்புப்போலத் தெரிவதும் உண்டு. ஓட முடியாமல், இதயக் குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தை ஏற்றுவதானால் முந்தைய நாளிலிருந்தே காபி, டீ, கோலா கூடாது. கஃபீன் கலந்த தலைவலி மாத்திரையும் மருந்தின் வேலையைக் கெடுக்கும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஈ.சி.ஜி.யில் எல்.பி.பி.பி. (இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை) இருந்தால் என் சாய்வு மாறும். நடுச்சுவர் ஏற்கெனவே தாறுமாறாக அசைவதால் எக்கோவைப் படிப்பது சிரமம். அங்கே அடினோசின் ஸ்கேன்தான் மேல். ஓடவைத்து எடுத்தால் ஸ்கேனிலும் நடுச்சுவரில் பொய்யான குறை விழும். வீசிங் உள்ள ஆஸ்துமாக்காரருக்கு மட்டும் அடினோசின் ஆகாது. ஊசி போடும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.