வீட்டு ஈசிஜி கருவியோடு இரண்டரை வருடம்

கனடாவிலிருந்து வந்த மச்சாள் அப்பாவுக்கென்று கொண்டுவந்த சின்னக் கருவி இது. இரண்டு தகட்டிலும் இரு கை விரல்களையும் வைத்து 30 வினாடி அசையாமல் இருந்தால் இதயத் துடிப்பு போனில் கோடாக ஓடும். கொக்குவில் வீட்டில் இரண்டரை வருடமாகப் பாவிக்கிறோம்.

முதல் மாதம் ஒரே கரைச்சல். பாதிக்கு மேல் 'வகைப்படுத்த முடியவில்லை' என்றுதான் வரும். தோட்டத்தில் நின்றுவிட்டு வரும் அப்பாவின் விரல்கள் காய்ந்த மட்டை மாதிரி இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, போனைச் சார்ஜரிலிருந்து கழற்றிய பிறகுதான் கோடு தெளிந்தது. கதைத்தாலும் கெட்டுவிடும். அப்பாவை 30 வினாடி கதைக்காமல் வைத்திருப்பது இன்றைக்கும் பெரிய வேலை.

போன மாசியில் ஒரு விடியற்காலை, "பிள்ளை, நெஞ்சு படபடக்குது" என்று எழுப்பினார். கோட்டில் கூர்முனைகள் ஒன்று நெருங்கி ஒன்று விலகி, ஒழுங்கே இல்லாமல் நின்றன. ஒவ்வொரு முனைக்கும் முன்னால் வரவேண்டிய சின்ன மேட்டை, அதுதான் பி அலை, காணவில்லை. கிளினிக்குக்குப் போவதற்குள் எல்லாம் அடங்கி, அங்கே எடுத்த ஈசிஜியில் துடிப்பு சீராக இருந்தது. போனில் இருந்ததைக் காட்டினேன். டொக்டர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்றார். இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் நடுங்குவதால் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காம். வயதும் பிரஷரும் வேறு இருந்ததால் இரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்கினார்கள். ஆனால் இடையில் முந்தி விழும் எக்டோபிக் துடிப்புகளைப் பார்த்தும் ஆப் இரண்டு தரம் இதே பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறது.

பெரிய மெசினும் பிழைவிடும். அன்று கிளினிக் தாளின் தலைப்பில் 'பழைய மாரடைப்பு இருக்கலாம்' என்று அதுவே அச்சடித்திருந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. டொக்டர் பதறவில்லை. விலா எலும்புகளை விரலால் எண்ணி, நாலாவது இடைவெளிக்கு, நெஞ்சில் ஒட்டும் வயர் ஒட்டிகளில் முதலிரண்டையும் இறக்கி மறுபடி எடுத்தார். 'மாரடைப்பு' போய்விட்டது. ஒட்டிகளைக் கொஞ்சம் மேலே வைத்ததால் வந்த வினை.

ஒருநாள் இரவு எதிர்வீட்டு மாமாவுக்கு நெஞ்சு இறுக்கி வியர்த்துக் கொட்டியது. "அந்த மெசினைக் கொண்டு வா பிள்ளை" என்றார் மாமி. கொண்டுபோகவில்லை, 1990 அம்புலன்சுக்கு அடித்தேன். ஆஸ்பத்திரியில் 10 ஒட்டிகள் வைத்து 12 கோணத்தில் பார்ப்பார்கள். எங்களுடையது ஒரே கோணம். இரத்தக்குழாய் அடைத்து, மாரடைப்பைக் காட்டும் எஸ்டி பகுதி (கூர்முனைக்குப் பின்னால் வரும் துண்டு) கோட்டில் உயர்ந்தாலும் இதில் தெரியாமல் போகலாம். 'சரி' என்று வந்தால் நம்பி இருந்துவிடுவோம்.

இப்போது வாரத்துக்கு ஒன்று, படபடத்தால் உடனே. கிளினிக் தாள்களையும் போட்டோ எடுத்து வைக்கிறேன், அந்த வெப்பத்தாள் நாளாக நாளாக மங்கிவிடும். பற்றரி இதுவரை ஒரு தரம்தான் மாற்றினேன்.