18,740 ரூபாய்க்கு வாங்கிய 'ஈரம் காட்டும்' டயாப்பர்: தயவுசெய்து யாரும் ஏமாறாதீர்கள்

நேற்று மத்தியானம் அந்தக் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "சுகாதாரப் பொருள் என்பதால் பிரித்த பெட்டியைத் திரும்பப் பெற இயலாது. தங்கள் புரிதலுக்கு நன்றி." புரிதலாம்! நல்லாவே புரிந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் படுக்கையில் இருக்கிற பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் முழுக்கப் படியுங்கள். கடையின் பெயரைப் போட மாட்டேன். முதியோர் பராமரிப்புப் பொருள்கள் மட்டும் விற்கிற ஓர் ஆன்லைன் கடை. செல்போனில் விளம்பரம் பார்த்துப் போய் மாட்டிக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது தூத்துக்குடி. என் மாமியாருக்குப் போன ஐப்பசியில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் நல்லாயிருக்கிறது. கட்டில் கம்பியில் வளையலைத் தட்டிக் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குத் தட்டுவார்கள், ஃபேனுக்குத் தட்டுவார்கள். ஈரமாகிவிட்டால் மட்டும் தட்ட மாட்டார்கள். கூச்சம். நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைத்துப் போட்ட மனுஷி. மருமகளிடம் இதற்குக் கூப்பிட மனசு வராமல் அப்படியே படுத்துக் கிடப்பார்கள். நானும் தூக்கக் கலக்கத்தில் ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் அவர்களை எழுப்பிவிட்ட பாவம். நனைந்திருந்தால் எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தார்களோ என்ற பாவம். இரவுக்கு ஆள் வைக்கலாம் என்றால் ஒரு ராத்திரிக்கு 800 ரூபாய் கேட்கிறார்கள்.

இந்த நிலைமையில்தான் அந்த விளம்பரம் வந்தது. டயாப்பரில் சென்சார், நனைந்த உடனே உங்கள் போனில் மணி அடிக்கும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று. 'நிம்மதியாகத் தூங்கலாம்' என்ற ஒரு வரிக்கே என் கை போய் அழுத்திவிட்டது. பத்து நிமிடத்தில் ஒரு பையன் போன் பண்ணினான். தேன் மாதிரிப் பேச்சு. "அம்மா, விற்கணும்னு சொல்லலை. எங்க பாட்டிக்கும் இதேதான் போட்டிருக்கோம். எங்க அம்மா இப்பத்தான் ராத்திரி தூங்குறாங்க" என்றான். நான் நம்பிய இடம் இதுதான். சாமர்த்தியமாகப் பேசியிருந்தால் உஷாராகியிருப்பேன். அவன் பாட்டியைப் பற்றிப் பேசினான்.

உடனே வீடியோ காலில் வந்து செய்தும் காட்டினான். மேசைமேல் ஒரு டயாப்பர். அதன் வெளிப்பக்கம், தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு வெள்ளைக் கருவி. ஃபிளாஸ்க்கைத் திறந்து சுடுதண்ணீரை உள்ளே ஊற்றினான். "உடம்புச் சூடு மாதிரி இருக்கணும்லம்மா, அதான்" என்றான். நாலு வினாடியில் டிங் டிங் என்று போன் அடித்தது. அந்த ஃபிளாஸ்க்கை ஞாபகத்தில் வையுங்கள்.

எம்.ஐ.டி. தொழில்நுட்பம் என்றும் சொன்னான். அப்படி ஓர் ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2020இல் செய்து காட்டியிருக்கிறார்கள். டயாப்பருக்குள் இருக்கிற ஜெல் நனைந்தால் லேசாக மின்சாரம் கடத்தும். அதையே ஆன்டெனா மாதிரிப் பயன்படுத்தி, ஆர்.எஃப்.ஐ.டி. என்கிற, ரேடியோ அலையில் வேலை செய்கிற, பேட்டரியே இல்லாத ஒரு சின்ன ஒட்டியிலிருந்து சிக்னல் வர வைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டிக்கு அமெரிக்கக் காசில் 2 சென்ட் கூட ஆகாது, ஆனால் சிக்னல் ஒரு மீட்டர் தூரம்தான் எட்டும். இதெல்லாம் பணம் கட்டிய பிறகு உட்கார்ந்து படித்தது. கட்டுவதற்கு முன்னால் படித்திருந்தால், பேட்டரி போட்டு வெளியே ஒட்டுகிற இந்தக் கருவிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அன்றைக்கே கேட்டிருப்பேன்.

கருவி 11,990 ரூபாய். அதற்கென்றே 'சென்சார் கோடு' போட்ட தனி டயாப்பர்தான் வேண்டுமாம், சாதாரண டயாப்பரில் வேலை செய்யாதாம். ஒரு பெட்டியில் 25, விலை 2,250. மூன்று பெட்டி வாங்கினால்தான் வாரண்டி செல்லும் என்றான். மூன்று பெட்டி 6,750. ஆக மொத்தம் 18,740. பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கிறேன் என்றேன். "தாராளமா அம்மா, ஆனா அதுக்கு 1,500 கூட வரும். இப்பவே யு.பி.ஐ.ல போட்டா அது மிச்சம்" என்றான். மிச்சம் பிடிக்கிற புத்தி எனக்கு. அவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே போட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. அன்றைக்கு ராத்திரி பதினோரு தடவை மணி அடித்தது. பதினோரு தடவையும் ஓடினேன், ஒரு தடவைதான் நனைந்திருந்தது. எங்கள் ஊர்ப் புழுக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடற்காற்று நின்றுவிட்டால் ரப்பர் ஷீட்டில் படுத்திருக்கிறவர்களுக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊற்றும். மறுநாள் போன் பண்ணினேன். இப்போது வேறு ஆள், அம்மா போய் மேடம் ஆகிவிட்டேன். "சென்சிட்டிவிட்டியைக் குறைச்சு வையுங்க மேடம்." குறைத்தேன். மணி அடிப்பது நின்றது. இரண்டு ராத்திரி தூங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். ஐந்து மாதத்துக்கு அப்புறம் தொடர்ச்சியாக நாலு மணி நேரம்.

மூன்றாம் நாள் விடியற்காலை எழுந்து போனால் டயாப்பர் பொங்கி, ஓரத்தில் வழிந்து, நைட்டி முதுகு வரை ஊறியிருக்கிறது. அத்தை கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தார்கள். போனில் பச்சை எழுத்தில் 'உலர்வாக உள்ளது'. துடைக்கும்போதுதான் பார்த்தேன், இரண்டு தொடை இடுக்கிலும் தோல் சிவந்து, வெந்த மாதிரி. வாரம் ஒருமுறை வருகிற சிஸ்டர் பார்த்துவிட்டு, "இது படுக்கைப் புண் இல்லைக்கா. அது எலும்பு அழுத்துற இடத்துல வரும். இது ஈரத்துலயே கிடந்து வர்றது, மடிப்பு மடிப்பா பரவும்" என்று சொல்லி ஜிங்க் ஆக்ஸைடு கிரீம் போடச் சொன்னார். சிஸ்டர் துடைக்கத் துடைக்க அத்தை இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். அதை இனி எழுத முடியாது.

அன்றைக்குத் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் வாட்ஸ்அப்பில் புகார் எண் வந்தது, 48 மணி நேரத்தில் தீர்வு என்று. மூன்று நாள் கழித்து நானே கேட்டதற்கு சர்வர் பராமரிப்பு என்றார்கள். அப்புறம், போனில் பேட்டரி சேமிப்பு முறை இருந்தால் செயலி தூங்கிவிடும் என்றார்கள். அதையும் எடுத்துவிட்டேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம், புளூடூத் என்பதால் நடுவில் சுவர் இருக்கக் கூடாதாம். நான் படுப்பதே அவர்கள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு! கடைசியில் ஒரு பெண் ரொம்பப் பொறுமையாக, "மேடம், நீங்க டயாப்பரைச் சரியா போடலைன்னு நினைக்கிறேன்" என்றாள். ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு நாலு தடவை போடுகிறவளிடம். முதலில் பேசிய பையனின் நம்பருக்கு அடித்தால் ரிங் போகிறது, எடுப்பதில்லை. அவன் பாட்டி எப்படி இருக்கிறார்களோ.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் லேப் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் பேப்பரை விரித்து, ஒரு புது டயாப்பரைக் கத்தரியால் நெடுக வெட்டினார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் சீனி மாதிரி வெள்ளைக் குருணை. அதுதான் ஈரத்தைக் குடிக்கிற சோடியம் பாலிஅக்ரிலேட். நிஜமான சென்சார் டயாப்பர் என்றால் அடித்தாளின் உட்பக்கம் மின்சாரம் கடத்தும் மையில் இரண்டு கோடு போட்டிருக்க வேண்டும், சிறுநீரில் இருக்கிற உப்பு இரண்டையும் இணைத்ததும் கருவி அதைப் படிக்க வேண்டும் என்றார். அப்படி எதுவும் இல்லை. இருந்தது ஒரே ஒரு மஞ்சள் கோடு. மெடிக்கலில் வாங்குகிற 35 ரூபாய் டயாப்பரையும் பக்கத்தில் வைத்து வெட்டினார். அதே மஞ்சள் கோடு.

"இதுக்கு எந்தக் கருவியும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு கோட்டிலும் குழாய்த் தண்ணீர் விட்டார். இரண்டும் மெல்ல நீலமாகின. எலுமிச்சம்பழம் பிழிந்து வேறு துண்டில் விட்டார், மஞ்சளாகவே இருந்தது. அந்தக் கோடு ஒரு பசை. அதில் புரோமோஃபீனால் புளூ மாதிரி ஒரு சாயம் கலந்திருப்பார்களாம், லேபில் அவர் கையாண்டதுதான். பி.எச். என்பது புளிப்பைக் காட்டுகிற எண், புளிப்பு ஏற ஏற எண் குறையும். அது 3க்குக் கீழே போனால் சாயம் மஞ்சள், 4.6க்கு மேலே நீலம். சிறுநீர் சாதாரணமாக 6க்குப் பக்கத்தில் இருப்பதால் நனைந்ததும் நீலம் காட்டும். ஆக, 'சென்சார் கோடு' என்று 90 ரூபாய்க்கு எனக்கு விற்றது, சாதாரண டயாப்பரிலேயே சும்மா வருகிற கோடு.

அப்புறம் அந்தக் கருவி. சென்சிட்டிவிட்டியைப் பழையபடி முழுசாக ஏற்றினோம். புது டயாப்பரில் அதை ஒட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை 100 மில்லியாக மூன்று தடவை ஊற்றினோம். கால் மணி நேரம் ஆயிற்று. அடிக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் உள்ளே ஜெல் கனத்துக் கிடக்கிறது, வெளித்தாள் காய்ந்திருக்கிறது. இவர் கருவியைக் கழற்றி, வாய்க்கு நேராக வைத்து 'ஹா' என்று ஊதினார்.

டிங் டிங். 'ஈரம் கண்டறியப்பட்டது. உடனே மாற்றவும்.'

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுவரில் மாட்டுவார்களே, அறையின் வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற கடிகாரம், அதில் இருக்கிற சமாச்சாரம்தான் இது. காற்றில் ஈரம் ஏறினால் அடிக்கும். வேர்வைக்கு அடித்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து வந்த ஆவிக்கு அடித்தது. ஜெல் பூட்டி வைத்துக்கொண்ட மூத்திரத்துக்கு மட்டும் அடிக்கவில்லை. பையன் ஏன் சுடுதண்ணீர் ஊற்றினான் என்று அப்போதுதான் உறைத்தது. 18,740 ரூபாய்க்கு ஊதினால் அடிக்கிற மணி!

இந்த வீடியோவையும் எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் மேலே எழுதியது. இப்போது செயலியைத் திறந்தால், இலவச மாதம் முடியப் போகிறது, இனி மாதம் 399 ரூபாய் கட்டவும் என்று வேறு கேட்கிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு நேரமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரம் காட்டும் டயாப்பர் எல்லாமே பொய் என்று சொல்லவில்லை, நிஜமானதும் இருக்கலாம். ஆனால் வீடியோவில் செய்து காட்டினால், பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், கருவியை வாயால் ஊதியும் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு டயாப்பரை மட்டும் முதலில் அனுப்பச் சொல்லி வெட்டிப் பாருங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் போனை வைத்துவிடுங்கள். 1,500 மிச்சம் என்று முன்பணம் கட்டாதீர்கள். பிரித்தால் திரும்ப எடுப்பார்களா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தவர்கள் 1915க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவி எண். நான் இன்று காலை பதிந்துவிட்டேன். ஆன்லைன் கடைகளுக்கான 2020 விதிப்படி ஒரு குறைதீர் அதிகாரி இருந்தாக வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். இந்தக் கடையின் தளத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாதாம், நம் ஊரிலேயே போடலாமாம்.

ராத்திரிக்கு இப்போது சின்ன டார்ச் வைத்திருக்கிறேன். தொட்டு எழுப்ப வேண்டாம், போர்வையை லேசாக விலக்கி வெளிச்சம் அடித்தால் கோடு மஞ்சளா நீலமா என்று தெரிந்துவிடுகிறது. நனைந்தாலும் தட்டுங்கள் என்று அத்தையிடமும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் முதல் தடவையாகத் தட்டினார்கள். கருவியை பீரோவில் போட்டு வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்ட வேண்டுமே. நேற்று ராத்திரி மழை வரும்போல் புழுங்கியது. இரண்டு மணிக்கு பீரோவுக்குள்ளிருந்தே அது என் போனை அடிக்க வைத்தது, உடனே மாற்றவும் என்று.