அதே கப்பல் என்று நம்பி மறுபடியும் பதிவு செய்வோர் கவனத்திற்கு

சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் புறப்பட்டு, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் சென்று திரும்பும் 4 இரவுக் கப்பல் பயணத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் போய் மனம் நிறைந்து வந்தோம். அந்த நிறைவில்தான், அம்மா அப்பாவின் 40ஆம் மணநாளுக்காகச் சென்ற ஆகஸ்டில் அதே கப்பலில் மறுபடியும் பதிவு செய்தேன். அது பெரும் ஏமாற்றமாக முடிந்தது.

புக்கெட்டுக்கு வரும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்புகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை அந்தக் கடல் அடிக்கடி கொந்தளிக்கும். அலை உயர்ந்துவிட்டால் படகில் ஆள் ஏற்ற முடியாது. அம்மா வெயில் தொப்பியோடு படகு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, கரையிறங்குவது ரத்து என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பாதுகாப்பு கருதி எடுத்த அந்த முடிவில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால், ஆகஸ்டில் இப்படி நடக்கக்கூடும் என்பதைப் பணம் வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் என் மனக்குறை. துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று பயண ஒப்பந்தத்தின் ஒரு பத்தியைக் காட்டி, கப்பல் நிறுவனத்தார் துறைமுகக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

அறையின் நிலை இன்னும் மோசம். குளியலறை வாசலில் தரைவிரிப்பை மிதித்தால் விரலிடுக்கில் நீர் ஊறியது. அறைப் பணியாளர் இரண்டு துண்டுகளை அதன்மேல் விரித்து மன்னிப்புக் கேட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? வேறு அறை கேட்டதற்குக் கப்பல் நிரம்பிவிட்டது என்ற பதில்தான் வந்தது. 4 இரவும் அந்த ஈர வாடையிலேயே படுத்தோம். முந்தைய பயணத்தில் கேட்காமலே பரிமாறிய இந்திய சைவ உணவுக்கு இப்போது முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமாம்; முதல் இரவு அப்பா ரொட்டியும் பழமும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

பழைய பயணிகளுக்கான சலுகை என்று விளம்பரப்படுத்தியது கட்டணக் குறைப்பே அல்ல, கப்பலுக்குள் மட்டும் செலவழிக்கக்கூடிய தொகை என்பது கடைசி இரவுக் கணக்கைப் பார்த்த பின்புதான் புரிந்தது. தலைக்கு இவ்வளவு என்று நாள்தோறும் சேர்த்த டிப்ஸும் அதே கணக்கில் இருந்தது.

ஆகவே பணம் கட்டும் முன், ஒவ்வோர் ஊரிலும் கப்பல் துறைமேடையில் நிற்குமா, படகில் இறங்க வேண்டுமா, அந்த மாதத்தில் கடல் எப்படி இருக்கும், டிப்ஸ் கட்டணத்தில் அடங்குமா, சலுகையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள். அறையில் குறை கண்டால் அன்றே படம் எடுத்து, வரவேற்பு மேசையில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்யுங்கள். நான் வாயால் மட்டுமே சொன்னதால், அப்படி ஒரு புகாரே பதிவாகவில்லை என்று பின்னர் பதில் எழுதினார்கள். அடுத்த பயணத்தில் கட்டணக் கழிவு தருவதாகவும் அதே கடிதத்தில் இருந்தது. கழிவு வேண்டாம், அறைக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன்.