மலை மேல் கப்பல்: 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்'

ஒரு படம் எடுத்த கதை அந்தப் படத்தைவிடச் சுவாரஸ்யமாக இருக்குமா? லெஸ் பிளாங்க் 1982-இல் எடுத்த இந்த ஆவணப்படத்தைப் பார்த்தால் இருக்கும் என்றுதான் சொல்வீர்கள். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் பெரு நாட்டுக் காட்டில் 'ஃபிட்ஸ்கரால்டோ' படத்தை எடுத்தபோது பட்ட பாடு இது.

முதல் நாயகன் ஜேசன் ரோபார்ட்ஸ் வயிற்றுக்கடுப்பால் பாதியில் ஊர் திரும்ப, கூட நடித்த ராக் பாடகர் மிக் ஜாகரும் விலக, கிளாஸ் கின்ஸ்கியை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். சரி, அது கூடப் பரவாயில்லை. கதைப்படி ஒரு கப்பல் மலையைத் தாண்ட வேண்டும். அதற்கு நிஜமான நீராவிக் கப்பலை முழுசாக மலை மேல் இழுத்தே தீருவேன் என்கிறார் ஹெர்சாக்! கதைக்கு மூலமான ரப்பர் வியாபாரியே தன் கப்பலைக் கழற்றித் துண்டு துண்டாகத்தான் கொண்டுபோனார். 40 டிகிரிச் சரிவு ஆபத்து என்று பொறியாளர் விலகிக்கொள்கிறார். ஹெர்சாக் விலகவில்லை.

எனக்குப் பிடித்தது, பிளாங்கின் கேமரா இயக்குநரையே சுற்றிக்கொண்டிருக்காதது. பெண்கள் மரவள்ளியை மென்று துப்பிக் கள் தயாரிப்பதையும், கூலிக்கு வந்த பழங்குடியினர் சும்மா காத்துக்கிடப்பதையும் நின்று நிதானமாகக் காட்டுகிறார். இவர்கள் உயிரைப் பணயம் வைக்க ஒரு சினிமாவுக்கு என்ன உரிமை என்ற கேள்வி தானாக வருகிறது.

குறை? பின்னணிக் குரல் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. கின்ஸ்கியின் புகழ்பெற்ற கோபமும் அதிகம் கிடைக்காது. அதற்கு ஹெர்சாக்கே 1999-இல் எடுத்த 'மை பெஸ்ட் ஃபீண்ட்' இருக்கிறது. இதைப் பார்த்த அப்புறம் அதைப் பாருங்கள்.