சொட்டா, ஸ்ட்ரிப்பா? வீட்டுச் சோதனைக் கிட்டில் நான் நம்புவது எதை

எங்கள் நட்பு வட்டத்தில் போதைப்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெட்டி என் பொறுப்பு. நான் எதுவும் எடுக்காதவன். நிதானத்தோடு பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ‘எடுக்காதே என்று சொல்ல வேண்டியதுதானே’ என்று கேட்பவர்களுக்கு: சொல்லியாகிவிட்டது, பலமுறை. சொன்ன பிறகும் எடுப்பவர்கள் மறுநாள் காலையில் எழுந்திருக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பெட்டி.

முதலில் ரீஏஜன்ட் சொட்டுகள் வாங்கினோம், பிறகு ஃபென்டனில் ஸ்ட்ரிப்புகள் (ஃபென்டனில் என்பது துளி அளவிலேயே ஆளைக் கொல்லக்கூடிய ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்யும் வலிமருந்து). இரண்டையும் புழங்கிப் பார்த்ததில் என் மனம் ஸ்ட்ரிப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொட்டுகளே ஜெயிக்கும் இடங்களும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரீஏஜன்ட் என்பது சின்னப் பாட்டிலில் வரும் திரவம். குண்டூசித் தலை அளவு பொருளை வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும். பரவலாகப் புழங்குவது மார்க்விஸ், 1896-இல் வந்தது: ஃபார்மால்டிஹைடும் அடர் கந்தக அமிலமும் கலந்தது. எம்.டி.எம்.ஏ (எக்ஸ்டஸி மாத்திரையில் இருக்க வேண்டிய சரக்கு) என்றால் ஊதா கலந்த கருப்பு, ஆம்பெட்டமின் என்ற ஊக்கமருந்து வகை என்றால் ஆரஞ்சிலிருந்து பழுப்பு. மெக்கே, மாண்டலின், சைமன்ஸ், ஏர்லிக் என்று மற்ற பாட்டில்களுக்கும் அதது தனி நிற அட்டவணை. ஸ்ட்ரிப் வேறு சாதி. தண்ணீரில் கரைத்த பொருளில் நனைத்தால் கோடு விழும் காகிதப் பட்டை அது. சிறுநீரில் ஃபென்டனில் இருக்கிறதா என்று பார்க்கச் செய்ததை, பொருளையே சோதிக்கத் திருப்பிக்கொண்டார்கள். சொட்டு ‘இது என்ன வகை’ என்று கேட்கிறது. ஸ்ட்ரிப் ‘இதில் அந்த ஒன்று இருக்கிறதா’ என்று கேட்கிறது. விலை, கிடைக்கும் இடம், தபாலில் வருமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அதை விட்டுவிடுகிறேன்.

என்னைத் திருப்பியது வேறொரு கேள்வி. சோதனையே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எனக்கு யார் சொல்வார்கள்?

மார்க்விஸ் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது தெளிவாக, அதிகம் போனால் லேசான மஞ்சளாக இருக்கும். மூடி சரியாக இறுகாவிட்டால், வெளிச்சத்திலோ வெப்பத்திலோ கிடந்தால், மெல்ல மெல்லப் பழுப்பேறும். முழுக்கப் பழுப்பானால் தூக்கிப் போட்டுவிடலாம், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் நடுவில் இருக்கிற பாட்டிலில்தான். கொஞ்சம் மங்கியிருக்கும், ஆனால் ‘பரவாயில்லை, வேலை செய்யும்’ என்று தோன்றும். அதிலிருந்து ஒரு சொட்டு விட்டு நிறம் சோம்பலாக எழும்பினால், பலவீனம் மாத்திரையிலா, பாட்டிலிலா? நிறமே வராவிட்டால் இன்னும் மோசம். மார்க்விஸில் ‘நிறம் வரவில்லை’ என்பதே ஒரு பதில், ஆபத்தான பதில். எம்.டி.எம்.ஏ என்ற பெயரில் விற்கப்பட்டு ஆட்களைக் கொன்ற பி.எம்.ஏ, பி.எம்.எம்.ஏ இரண்டும் மார்க்விஸில் நிறம் காட்டாது. செத்த பாட்டிலும் காட்டாது. பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சைமன்ஸ் இன்னும் தொல்லை. எம்.டி.எம்.ஏ-வையும் அதன் நெருங்கிய உறவான எம்.டி.ஏ-வையும் பிரித்துக் காட்டுவது அதுதான், முன்னதுக்கு நீலம் வரும், பின்னதுக்கு வராது. இரண்டு பாட்டில்களில் ஒன்றில் அசிட்டால்டிஹைடு இருக்கிறது. அது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிற சங்கதி. அதனால்தான் குளிர்ச்சியில் வை, மூடியை இறுக்கு என்று கிட்டோடு வரும் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும். குளிர்பெட்டியில் சாப்பாட்டுப் பொருளுக்குப் பக்கத்தில் இந்த ரசாயனப் பாட்டில்களை வைக்க எனக்குத் துணிவில்லை. குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அப்புறம், சொட்டு விட்ட துணுக்கு விஷம். அதை யாரும் தொடக்கூடாது, சமையல் சோடா போட்டு அமிலத்தை அடக்கி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ள வேண்டும்.

பாட்டிலைச் சரிபார்க்க வழி இல்லாமல் இல்லை. சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையைச் சுரண்டி அதன்மேல் மார்க்விஸ் விட்டால் மெதுவாக இளஞ்சிவப்பு எழும்பி அடர் சிவப்பாகும். அது வந்தால் பாட்டிலுக்கு உயிர் இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தேன். ஆனால் நான் ஊரில் இல்லாத ஒரு வார இறுதியில் பெட்டியை எடுத்தவர்கள் செய்யவில்லை. இரவு பதினொரு மணிக்கு மங்கலான மஞ்சள் விளக்கில், இசை ஓடிக்கொண்டிருக்கும்போது, ‘இது ஊதாவா கருப்பா’ என்று நாலு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் நிற அட்டவணையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். திரையின் ஊதா வேறு, தட்டின் ஊதா வேறு. முதல் அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் வரும் நிறத்தைத்தான் படிக்க வேண்டும். பிறகு அமிலம் தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் கருக்கும். விவாதம் முடிவதற்குள் எல்லாம் கருப்பாகிவிட்டது. ‘கருப்புதான், நல்ல சரக்கு’ என்று தீர்ப்பு. கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஸ்ட்ரிப்பில் இந்தப் பரிசோதனை உள்ளேயே இருக்கிறது. அதில் இரண்டு கோடுகளுக்கு இடம் உண்டு. ஒன்று கட்டுப்பாட்டுக் கோடு. பட்டை கெட்டுப்போகாமல் இருந்து, திரவம் ஒழுங்காக ஏறியிருந்தால் மட்டும் அது தெரியும். தெரியவில்லையா, அந்தச் சோதனை செல்லாது, வேறு பட்டை எடு. வாதமே கிடையாது. எனக்கு விருப்பமான ஆட்களின் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போக முடியும் என்றால் அது இந்தக் கோட்டினால்தான். பராமரிப்பும் ஒன்றுமில்லை: அறை வெப்பம், ஈரம் படாத இடம், உறையில் அச்சிட்ட தேதி, பிரித்தவுடன் பயன்படுத்துவது, அவ்வளவே.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோவிட் சோதனையும் கர்ப்பச் சோதனையும் பழகிய கண்ணுக்கு இரண்டு கோடு என்றால் ‘இருக்கிறது’. இங்கே தலைகீழ். ஒற்றைக் கோடு, அதாவது கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் என்றால் ஃபென்டனில் இருக்கிறது. இரண்டு கோடு என்றால் தென்படவில்லை. இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ‘ஒன்று = ஆபத்து’ என்று மார்க்கரில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

அளவும் முக்கியம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் முறை: குறைந்தது 10 மில்லிகிராம் பொருளைச் சுத்தமான, உலர்ந்த பாத்திரத்தில் எடுத்து அரை டீஸ்பூன் தண்ணீரில் கரைக்க வேண்டும். மெத்தம்பெட்டமினோ எம்.டி.எம்.ஏ-வோ என்றால் ஒவ்வொரு 10 மில்லிகிராமுக்கும் முழு டீஸ்பூன். அலை போட்ட முனையை ஏறக்குறைய 15 விநாடி நனைத்து, தட்டையான இடத்தில் வைத்து 2 முதல் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் கஞ்சத்தனமாக விட்டால், மெத்தும் எம்.டி.எம்.ஏ-வும் ஃபென்டனில் இல்லாமலே ‘இருக்கிறது’ என்று காட்டவைக்கும். ஸ்ட்ரிப் இந்தப் பக்கம் தவறினால் ஓர் இரவு வீணாகும், பரவாயில்லை. எந்தப் பக்கம் தவறினாலும் எனக்குச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் மறுபக்கமும் உண்டு. கட்டுப்பாட்டுக் கோடு பட்டைக்குத்தான் ஜாமீன், நாம் எடுத்த துணுக்குக்கு இல்லை. ஃபென்டனில் 2 மில்லிகிராமே ஆளைச் சாய்க்கக்கூடியது. கள்ள மாத்திரையில் அது சமமாகக் கலந்திருக்காது. ஒரு ஓரத்தைச் சுரண்டிச் சோதித்தால் மறு ஓரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. முழு மாத்திரையையும் பொடித்து, நன்றாகக் கலந்து எடுத்தால் கொஞ்சம் மேல். எடுக்கப்போகிற அத்தனையையும் கரைத்துச் சோதிப்பதுதான் ஒழுங்கு. அத்தோடு, ஃபென்டனில் ஸ்ட்ரிப் நைட்டசீன்கள் என்ற செயற்கைப் பொருள்களைப் பிடிக்காது. அவையும் ஓபியாய்டுகள்தான், சில ஃபென்டனிலைவிட வீரியமானவை, போலித் தூக்க மாத்திரைகளில் வந்திருக்கின்றன. அதற்குத் தனி ஸ்ட்ரிப் வந்துவிட்டது. என் பெட்டியில் சேர்த்திருக்கிறேன், ஆனால் அதைப் புழங்கியது குறைவு, பெரிதாகப் பரிந்துபேச மாட்டேன். கால்நடைகளுக்கான மயக்க மருந்தான சைலசீனுக்கு உள்ள ஸ்ட்ரிப்பும் அப்படித்தான். மரத்துப்போகவைக்கும் மருந்தான லிடோகெய்ன் கலந்திருந்தால் அது ஏமாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, சொட்டு ஜெயிக்கும் இடம். எம்.டி.எம்.ஏ மாத்திரை மட்டுமே உங்கள் கவலை என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள், சொட்டு வாங்குங்கள். 2014 டிசம்பரில் நெதர்லாந்தின் சோதனை அமைப்புக்கு, சூப்பர்மேன் சின்னம் பொறித்த ஒரு மாத்திரை வந்தது. எக்ஸ்டஸி என்று விற்றது. உள்ளே 170 மில்லிகிராமுக்கு மேல் பி.எம்.எம்.ஏ. அங்கே உடனே சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். அடுத்த சில நாட்களில் பிரிட்டனில் அதே சின்னம் கொண்ட மாத்திரையால் 4 பேர் இறந்தார்கள். பி.எம்.எம்.ஏ மெதுவாக ஏறும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னொன்று விழுங்குவார்கள், பிறகு உடல் சூடு கட்டுக்கடங்காமல் போகும். என் அருமை ஸ்ட்ரிப் அந்த மாத்திரையைப் பார்த்து இரண்டு கோடு போட்டு அமைதியாக இருந்திருக்கும். உயிருள்ள மார்க்விஸ் பாட்டில், நிறமே காட்டாமல், ‘இது நீ நினைத்தது இல்லை’ என்று சொல்லியிருக்கும். மாயக்காட்சி காட்டும் எல்.எஸ்.டி தடவிய தாளுக்கும் இதே கதை. ஏர்லிக் சொட்டில் ஊதா வந்தால் எல்.எஸ்.டி போன்ற இண்டோல் வகை. வராவிட்டால் எல்.எஸ்.டி என்ற பெயரில் விற்கப்படும் என்பாம் (NBOMe) வகையாக இருக்கலாம், அதுவும் ஆளைக் கொன்றிருக்கிறது. இதில் ஸ்ட்ரிப்புக்கு வேலையே இல்லை. கெட்டமின் என்ற மயக்க மருந்துக்கு மோரிஸ் என்று ஒரு சொட்டு உண்டு, எனக்குப் பழக்கம் போதாது.

ஆனால் சொட்டை வாங்குகிறவர்கள் ஒன்றே ஒன்றை மறக்கக்கூடாது. அழுத்தமான நிறம் மற்றதை விழுங்கிவிடும். எம்.டி.எம்.ஏ-வும் பி.எம்.எம்.ஏ-வும் கலந்த மாத்திரை மார்க்விஸில் கருப்பாகத்தான் தெரியும். துளியூண்டு ஃபென்டனில் எந்தச் சொட்டிலும் தலைகாட்டாது. எங்கள் வட்டத்தில் சுற்றுவது பெரும்பாலும் யார் செய்தது என்றே தெரியாத பதற்றம் தணிக்கும் மாத்திரைகளும் வெள்ளைப் பொடிகளும். அதனால்தான் எனக்கு ஸ்ட்ரிப்.

இரண்டும் சேர்ந்து கைவிரிக்கும் இடம், அளவு. 80 மில்லிகிராம் எம்.டி.எம்.ஏ உள்ள மாத்திரையும் 250 உள்ள மாத்திரையும் ஒரே கருப்புதான். அதனால் சோதனையில் தேறினாலும் கால் பங்கில் தொடங்கு, காத்திரு, தனியாக எடுக்காதே, மதுவோடு சேர்க்காதே என்பதெல்லாம் அப்படியே நிற்கின்றன. பெட்டியில் ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரேயும் இருக்கிறது. ஃபென்டனில், நைட்டசீன் இரண்டுக்கும் அது கேட்கும். நைட்டசீனுக்கு ஒன்றுக்கு மேல் தேவைப்படலாம். சைலசீன் ஓபியாய்டு இல்லை என்பதால் அதன் மயக்கத்தை அது எடுக்காது. ஆனாலும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சைலசீன் பெரும்பாலும் ஓபியாய்டோடு சேர்ந்துதான் வரும். கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று: சோதனைக் கிட் கையில் இருப்பது சட்டத்திலிருந்து காப்பாற்றாது. சில இடங்களில் கிட்டே குற்றமாகக் கருதப்பட்டிருக்கிறது.

அளவைச் சொல்லக்கூடியது ஆய்வகம். நெதர்லாந்தில் 1992 முதல் அரசு ஆதரவோடு நடக்கிறது. வியன்னாவில் 1997 முதல் உண்டு. வேல்ஸில் 2013 முதல் தபாலில் அனுப்பினால் இலவசமாகச் சோதித்துச் சொல்கிறார்கள். நியூசிலாந்து 2021-இல் இதை நிரந்தரச் சட்டமாகவே ஆக்கியது. கான்பெராவில் 2022-இல் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் மையம் திறந்தார்கள். அங்கே வேலை செய்பவர்களும் ஸ்ட்ரிப்பை ஒதுக்குவதில்லை. மேசைமேல் வைக்கும் அகச்சிவப்புக் கருவி, எடையில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைத் தவறவிடும் என்பதால் பக்கத்திலேயே ஒரு பட்டையையும் நனைப்பார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒரு மையம் இருந்தால், இவ்வளவு நேரம் நான் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள். எங்களுக்கு எட்டவில்லை.