மரவள்ளி மாவுப்பூச்சி: மருந்தா, கரணை நேர்த்தியா, குளவியா?

செடியின் சாற்றை உறிஞ்சும் மரவள்ளி மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவில் முதன்முதலாக 2020இல் திருச்சூரில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு (மரவள்ளி வயல்களுக்கு) வர அதிக காலம் ஆகவில்லை. குருத்து சுருண்டு முட்டைக்கோசு மாதிரி ஆகிவிடும், கணு இடைவெளி குறுகும், தண்டு கோணும். ஆப்பிரிக்காவில் மோசமாகத் தாக்கிய தோட்டங்களில் 80 சதவீதம் வரை மகசூல் போயிருக்கிறது.

விவசாயி முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: மருந்துத் தெளிப்பு, நடவுக்கு முன் கரணை நேர்த்தி (நடும் குச்சித் துண்டை மருந்தில் முக்கி எடுப்பது), மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி. முதல் இரண்டையும் ஒருவர் தன் காட்டில் தானாகவே செய்துகொள்ளலாம். மூன்றாவதற்கு மத்திய அரசு, மாநில வேளாண் பல்கலைக்கழகம், தோட்டக்கலைத் துறை, பக்கத்துக் காட்டுக்காரர் எல்லோரும் சேர வேண்டும். ஆனால் நீண்ட காலத்துக்குப் பலன் தருவதும் அந்த மூன்றாவதுதான்.

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள்

இதைத் தவறவிட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். மரவள்ளியில் பப்பாளி மாவுப்பூச்சியும் வரும், வேறு சில மாவுப்பூச்சிகளும் வரும். மரவள்ளி மாவுப்பூச்சியின் உடல் இளஞ்சிவப்பு, மேலே மெல்லிய வெள்ளைப் பொடி. பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள், நசுக்கினால் கையில் மஞ்சளாக ஒட்டும். சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட் உள்ள சிறு பாட்டிலில் நான்கைந்து பூச்சிகளைப் போட்டு வையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி என்றால் கறுத்துவிடும். ஒன்றுக்கு உரிய குளவி மற்றதைத் தொடாது. "குளவி விட்டும் கேட்கவில்லை" என்ற புகாருக்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

தெளிப்பு

வேகத்தில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. அடித்த சில நாளில் பூச்சி உதிரும், மனசுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் மரவள்ளியின் அமைப்பே தெளிப்புக்கு எதிராக நிற்கிறது. பூச்சி இருப்பது சுருண்ட குருத்துக்கு உள்ளே. உடம்பின் மேல் மெழுகு, முட்டையின் மேல் பஞ்சு. மருந்து வெளி இலையை நனைத்து வழிந்து போகும். முட்டை பொரிக்க ஏறக்குறைய எட்டு நாள், முழுச் சுற்றும் சுமார் ஒரு மாதம். ஒரு பெண் பூச்சி, ஆண் துணை இல்லாமலே, நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரு தடவை அடித்துத் தப்பிய முட்டைகளே அடுத்த மாதம் காட்டை நிரப்பப் போதும். நான்கைந்து மாதத்தில் செடி ஆளுயரம் தாண்டி, இலை கூடி மூடிக்கொண்ட பிறகு உள்ளே நுழைந்து அடிப்பதே பெரும்பாடு.

இதைவிடப் பெரிய கெடுதல் வேறு. மாவுப்பூச்சியைக் கொல்லும் குளவிக்கும் வளர்ந்த பொறிவண்டுக்கும் உடம்பில் மெழுகு கிடையாது. வீரியமான மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான். எதிரி போனதும் மாவுப்பூச்சி முன்னைவிட வேகமாகப் பெருகும், விவசாயி இன்னும் அடிப்பார்.

அடித்தே ஆக வேண்டிய நிலை என்றால் பாதித்த குருத்துகளை முதலில் ஒடித்து, சாக்கில் கட்டி, வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரப்பில் கொட்டினால் பூச்சி நடந்தே திரும்பி வரும். பிறகு மீன் எண்ணெய் ரோசின் சோப் லிட்டருக்கு 25 கிராம், அல்லது வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் 1500 பிபிஎம் லிட்டருக்கு 5 மி.லி. கரைத்து, குருத்து நனைய, கண்ட இடத்தில் மட்டும் அடியுங்கள். முழு ஏக்கருக்கும் வேண்டாம்.

கரணை நேர்த்தி

இந்தப் பூச்சி நெடுந்தூரம் போவது பெரும்பாலும் லாரியில், விதைக் குச்சியோடு. கணுவில் ஒட்டியிருக்கும் நான்கு குஞ்சுகள் போதும், ஒரு மாவட்டத்துக்கே விதை போட்டுவிடும். அதனால் வாங்கும் குச்சியை வெயிலில் திருப்பிப் பார்த்து, கணுவில் வெள்ளை இருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்குங்கள். குச்சியின் நடுப்பகுதியில் 15 செ.மீ. நீளம், 8 முதல் 10 கணு உள்ள கரணை எடுங்கள்.

தாய்லாந்து பரிந்துரைத்த முறை எளிது: தயாமீத்தாக்சம் என்ற பூச்சிமருந்தின் 25 சதவீதக் குருணை 4 கிராமை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கரணையை 5 முதல் 10 நிமிடம் முக்கி எடுத்து நடுவது. ஏறக்குறைய முதல் மாதம் தளிருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். அந்த நேரத்தில் செடியில் மாவுப்பூச்சி இல்லாததால் குளவிக்கும் அங்கே வேலை இல்லை, ஆகவே தெளிப்பு செய்யும் கெடுதல் இதில் மிகக் குறைவு. கையுறை போட்டுச் செய்யுங்கள். மிஞ்சிய கரணையை ஆடு கடிக்கும் இடத்தில் போடாதீர்கள். மிச்சக் கரைசலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

குறை என்னவென்றால், பாதுகாப்பு ஒரு மாதம், பயிர் ஒன்பது பத்து மாதம். மீதிக் காலத்துக்கு வேறொன்று வேண்டும்.

குளவி

அனகைரஸ் லோபெசி என்ற இந்தக் குளவி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், மனிதரைக் கொட்டாது. 1981இல் பராகுவேயில் கண்டெடுத்து, அதே ஆண்டு நைஜீரியாவில் விடப்பட்டது. பிறகு ஆப்பிரிக்காவில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைகொண்டது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்தில் பூச்சி தெரிந்தது 2008இல், குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்தது 2009இல், வயலில் விட்டது 2010இல்.

இந்தியாவும் அதே பெனினில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்திடமிருந்துதான் 2021இல் பெற்றது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதைத் தனிமைப்படுத்திச் சோதித்து, வளர்த்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வயலுக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டு உயிரியைக் கொண்டுவர அனுமதி வேண்டும், வந்தது நன்மை செய்யும் பிற பூச்சிகளைத் தாக்காது என்று உறுதியாக வேண்டும். இதை எந்தத் தனி விவசாயியும் மருந்துக் கடையும் செய்ய முடியாது. இந்த நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2008இல் கோவையில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிகள் வந்தன. பட்டுப்புழு செத்துவிடும் என்பதால் மருந்தடிக்க முடியாத மல்பெரித் தோட்டங்களைக் காப்பாற்றியவை அவைதான்.

பெண் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், சிலவற்றைக் குத்தித் தின்னவும் செய்யும். தாக்குண்ட பூச்சி பழுப்பு நிறத்தில் உப்பி, கூடுபோல் இறுகும். இரண்டு மூன்று வாரத்தில் அதில் வட்ட ஓட்டை போட்டுப் புதுக் குளவி வெளியே வரும். மாவுப்பூச்சியின் ஒரு மாதச் சுற்றைவிட இது வேகம். பூச்சி அரிதாக உள்ள காட்டிலும் தேடிக் கண்டுபிடிப்பது இதன் தனிச் சிறப்பு. விலைக்குக் கிடைக்கும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு அப்படியல்ல, கூட்டம் குறைந்ததும் தங்காது. இருந்தாலும் அதன் புழுவை அடித்துவிடாதீர்கள். பார்வைக்குப் பெரிய மாவுப்பூச்சி போலவே வெள்ளைத் தும்புடன் இருக்கும், ஆனால் சுறுசுறுப்பாக ஓடும்.

குளவி தோற்கும் இடங்களும் உண்டு. மருந்தடித்த காட்டில் விட்டால் சாகும். எறும்பு ஏறும் செடியில் அது பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும். உச்சி வெயிலில் திறந்துவிட்டாலும் வீணாகும், காலையிலோ மாலையிலோ விட வேண்டும். பலரும் கவனிக்காதது மண். சத்தற்ற மணற்பாங்கான நிலத்தில் செடி மெலியும், அதில் மாவுப்பூச்சியும் சிறுத்துவிடும். சிறிய பூச்சியில் ஆண் குளவிகளே அதிகம் பிறக்கும், பெண் குறைந்தால் அடுத்த தலைமுறை பெருகாது. ஆப்பிரிக்காவில் இத்தகைய நிலங்களில்தான் குளவி பின்தங்கியது. மூடாக்கும் தொழுவுரமும் இங்கே பூச்சிக் கட்டுப்பாட்டின் பாகம்தான்.

எதை எப்போது

புதிதாக நடுபவர் சுத்தமான குச்சி, கரணை நேர்த்தி இரண்டையும் விடக் கூடாது. நின்ற பயிரில் பூச்சி தெரிந்தால், மருந்துக் கடைக்குப் போகும் முன் பத்துக் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். பழுப்புக் கூடு தென்பட்டால் குளவி வந்துவிட்டது, தெளிப்பான் பக்கமே போகாதீர்கள். ஒன்றும் தென்படவில்லை என்றால் தோட்டக்கலை அலுவலகத்திலோ ஏத்தாப்பூர் நிலையத்திலோ குளவி கேளுங்கள். அது வரும்வரை குருத்தை ஒடித்து எரித்து, சோப்புக் கரைசலோடு சமாளியுங்கள். குளவி விட்ட பிறகு சுற்றியுள்ள காடுகளிலும் யாரும் அடிக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

அரசு செய்ய வேண்டியதில் இன்னும் பலவீனமாக இருப்பது உள்நாட்டுக் குச்சிப் போக்குவரத்து. துறைமுகத்தில் காட்டும் கண்டிப்பு மாநில எல்லையில் கிடையாது. பாதித்த மாவட்டத்திலிருந்து போகும் விதைக் குச்சிக்குச் சான்று கட்டாயம் என்றால், அடுத்து வரும் பூச்சிக்கும் அதே தடுப்பு உதவும்.